பெர்லினில் படிக்கப் போகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பெர்லினில் ஒரு காகிதம் கையில் இருந்தால்தான் அடுத்த காகிதம் நகரும். வீடு இருந்தால்தான் முகவரிப் பதிவு. முகவரிப் பதிவு இருந்தால்தான் வரி எண், பெரும்பாலான வங்கிக் கணக்கு, வதிவிட அனுமதி. இங்கே வந்து திணறுகிற மாணவர்களில் பெரும்பாலோர் பாடத்தில் திணறுவதில்லை, இந்த வரிசையில் ஓரிடத்தில் சிக்கிக்கொள்கிறார்கள். அதனால் வீடு, பதிவு, கடிதம் பற்றிய பதில்கள் கீழே நீளமாக இருக்கும்.

பெர்லினில் படிப்புக் கட்டணம் இல்லை என்பது உண்மையா?

அரசுப் பல்கலைக்கழகங்களில் உண்மை. தொழில்நுட்பப் பல்கலைக்கழகம், ஹும்போல்ட், சுதந்திரப் பல்கலைக்கழகம், எச்டிடபிள்யூ போன்ற பயன்முறை (அப்ளைடு சயின்சஸ்) பல்கலைக்கழகங்கள் எதிலும் வழக்கமான படிப்புகளுக்குப் பயிற்றுக் கட்டணம் கிடையாது. செமஸ்டருக்குச் சுமார் 300 யூரோவும் கொஞ்சம் மேலும் கட்ட வேண்டும். அதில் பெரும்பகுதி, நாடு முழுதும் உள்ளூர் ரயில், பேருந்துகளில் போகக்கூடிய பயணச்சீட்டுக்குப் போகிறது.

தனியார் கல்லூரிகளின் கதை வேறு. ஆண்டுக்கு 10,000 யூரோவைத் தாண்டும் கட்டணம் அங்கே சாதாரணம். ஏஜென்ட் "சீட் உறுதி" என்று சொன்னால் பெரும்பாலும் இந்த வகைக் கல்லூரிதான். சேர்வதற்குமுன் இரண்டு விஷயங்களை உறுதிசெய்யுங்கள். கல்லூரி அரசு அங்கீகாரம் பெற்றதா? வகுப்புகள் நேரில் நடக்கின்றனவா? பெரும்பகுதி இணையவழியில் நடக்கும் படிப்பை நம்பி வதிவிட அனுமதி கேட்டால் மறுக்கப்படும் வாய்ப்பு அதிகம். கட்டிய பணத்தை மீட்பதும் எளிதல்ல.

புறப்படுவதற்குமுன் எவ்வளவு பணம் காட்ட வேண்டும்? அதில் வாழ முடியுமா?

விசாவுக்காகப் பணத்தை முடக்கி வைக்கும் பிளாக்டு அக்கவுன்டில் 2024 செப்டம்பரிலிருந்து ஓராண்டுக்கு 11,904 யூரோ போட வேண்டும். அது மாதம் 992 யூரோவாக விடுவிக்கப்படும். அறை 450 முதல் 700 வரை, மருத்துவக் காப்பீடு 150-ஐ ஒட்டி, சாப்பாடு வீட்டில் சமைத்தால் 180 முதல் 220, போன் 10 அல்லது 15, செமஸ்டர் கட்டணத்தை மாதக் கணக்கில் பிரித்தால் 50 முதல் 60. அறை 500-க்குள் அமைந்தால் 992 போதும். 650-க்குப் போனால் போதாது.

பலர் கோட்டைவிடுவது முதல் மாதத்தில்தான். பிளாக்டு அக்கவுன்டில் பணம் இருக்கும், கைக்கு வராது. ஜெர்மன் வங்கிக் கணக்கு திறந்து, கேட்கிற ஆவணங்களை அனுப்பிய பிறகே முதல் 992 வரும். அதற்கு மூன்று நான்கு வாரம் ஆகலாம். அதற்குள் முன்பணம், முதல் மாத வாடகை, தற்காலிகத் தங்கல் எல்லாம் வந்துவிடும். அதனால் பிளாக்டு அக்கவுன்ட் தொகைக்கு மேல் 2,500 முதல் 3,000 யூரோ வரை, சர்வதேச அட்டையிலோ ஓரளவு ரொக்கமாகவோ, தனியாக வைத்திருங்கள். வீட்டில் கடன் வாங்கி அனுப்புகிறவர்கள் இந்தத் தொகையையும் சேர்த்தே கணக்குப் போட வேண்டும்.

கணக்கு திறக்கும்போது இன்னொரு தடங்கல் வரும். வீடியோ வழி அடையாளச் சரிபார்ப்பு எல்லா நாட்டுப் பாஸ்போர்ட்டையும் ஏற்காது. ஏற்காவிட்டால் அஞ்சலகத்தில் நேரில் சரிபார்க்கும் போஸ்ட்ஐடென்ட் முறையைத் தரும் வங்கியைத் தேர்ந்தெடுங்கள்.

என் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் இல்லை, மதிப்பெண் பட்டியலில் இனிஷியல் இருக்கிறது. சிக்கல் வருமா?

வரும். தமிழ்நாட்டிலிருந்து வருகிறவர்களுக்கு இது தனிப் பிரச்சினை. பாஸ்போர்ட்டில் முழுப் பெயரும் "கிவன் நேம்" கட்டத்தில் இருந்து "சர்நேம்" கட்டம் காலியாக இருந்தால், ஜெர்மன் படிவங்கள் தடுமாறும். காப்பீட்டு நிறுவனம் ஒரு மாதிரி எழுதும், வங்கி வேறு மாதிரி எழுதும், பல்கலைக்கழகம் பெயரை இரண்டு முறை எழுதும். மூன்றும் ஒரே ஆள் என்று நிரூபிக்கவே நேரம் போகும்.

விண்ணப்பிக்க இன்னும் ஆறேழு மாதம் இருந்தால், தந்தை பெயரைக் குடும்பப் பெயராகச் சேர்த்துப் பாஸ்போர்ட்டைப் புதுப்பித்துவிடுவதே நல்லது. நேரம் இல்லையென்றால், மதிப்பெண் பட்டியலின் பெயரும் பாஸ்போர்ட் பெயரும் ஒருவரையே குறிக்கின்றன என்று நோட்டரி முன் ஒரு உறுதிமொழிப் பத்திரம் எடுத்து வாருங்கள். பெர்லினில் முகவரிப் பதிவின்போது அலுவலர் பெயரை எப்படி ஏற்றினார் என்பதை அங்கேயே படித்துப் பார்த்து, பிறகு எல்லா இடத்திலும் அதே வடிவத்தையே எழுதுங்கள்.

ஏபிஎஸ் சான்றிதழ் எல்லோருக்கும் தேவையா?

கல்விச் சான்றிதழ்கள் உண்மையானவை என்று சரிபார்த்துத் தரும் சான்று இது. இந்தியக் கல்விச் சான்றிதழ் உள்ளவர்களுக்கு 2022 நவம்பர் முதல் கட்டாயம். கட்டணம் 18,000 ரூபாய். இலங்கையில் படித்தவர்களுக்கு இது கிடையாது. முடிவு வர வாரங்கள் ஆவதால் பல்கலைக்கழக விண்ணப்பத்துக்கு முன்பே தொடங்கிவிடுங்கள். பல பல்கலைக்கழகங்கள் யூனி-அசிஸ்ட் என்னும் பொது விண்ணப்ப அமைப்பு வழியாக விண்ணப்பம் வாங்குகின்றன. முதல் விண்ணப்பத்துக்கு 75 யூரோ, அதே பருவத்தில் அடுத்த ஒவ்வொன்றுக்கும் 30 யூரோ.

மதிப்பெண்ணை மாற்றும் கணக்கு எளிது. உச்ச மதிப்பெண்ணிலிருந்து உங்கள் மதிப்பெண்ணைக் கழித்து, உச்சத்துக்கும் தேர்ச்சி மதிப்பெண்ணுக்கும் உள்ள வித்தியாசத்தால் வகுத்து, 3-ஆல் பெருக்கி, 1-ஐக் கூட்டுங்கள். 10-க்கு 8.2 எடுத்தவருக்குத் தேர்ச்சி எல்லை 5 என்றால் 2.08 வரும். ஜெர்மனியில் 1.0 தான் உச்சம், 4.0 வரை தேர்ச்சி. 2.5-க்குக் கீழே கேட்கும் படிப்புக்கு இந்த மாணவர் விண்ணப்பிக்கலாம்.

வீடு எப்படித் தேடுவது?

தேடலை விசா வருமுன்பே தொடங்க வேண்டும். நகரில் சுமார் இரண்டு லட்சம் மாணவர்கள் படிக்கிறார்கள். ஸ்டூடியரெண்டன்வெர்க் என்னும் மாணவர் நல அமைப்பின் விடுதி இடங்கள் பத்தாயிரத்தைத் தொடாது. ஆனாலும் அங்கே பதிவுசெய்யுங்கள். அனுமதிக் கடிதம் வந்த அன்றே பதிவுசெய்தால் முதல் செமஸ்டரில் கிடைக்காவிட்டாலும் இரண்டாவது, மூன்றாவதில் கிடைக்கலாம். நகரிலேயே மலிவான, பதிவுக்குச் சிக்கல் தராத அறைகள் அவைதாம்.

அடுத்த வழி வேகே. பலர் சேர்ந்து எடுத்த வீட்டில் ஒரு அறை உங்களுக்கு, சமையலறையும் குளியலறையும் பொது. விளம்பரம் வந்த ஒரு மணி நேரத்துக்குள் நூறு செய்தி குவிந்துவிடும். "ஹலோ, அறை இன்னும் இருக்கிறதா?" என்று எழுதினால் பதில் வராது. விளம்பரத்தில் அவர்கள் எழுதியிருப்பதைப் படித்து, நீங்கள் யார், எப்போது வருகிறீர்கள், எவ்வளவு காலம் இருப்பீர்கள், வாடகை எங்கிருந்து வரும் என்று ஏழெட்டு வரியில், முடிந்தால் ஜெர்மனில், எழுதுங்கள். எளிய ஜெர்மன் பிழைகளை யாரும் பொருட்படுத்துவதில்லை.

வாடகையில் இரண்டு சொல் தெரிந்திருக்க வேண்டும். கால்ட்மீட்டே என்பது வெறும் இடத்துக்கான வாடகை. வார்ம்மீட்டே என்பது அதனுடன் வெப்பமூட்டல், தண்ணீர், குப்பை ஆகியவற்றின் உத்தேசச் செலவும் சேர்ந்தது. மின்சாரமும் இணையமும் பல இடங்களில் இதற்கும் வெளியே. முன்பணமான கௌட்சியோன், சட்டப்படி மூன்று மாதக் கால்ட்மீட்டேயைத் தாண்டக் கூடாது. கால்ட் 430, வார்ம் 550 என்றால் முன்பணம் அதிகபட்சம் 1,290 யூரோ. அதை மூன்று தவணையில் கட்டவும் சட்டம் இடம் தருகிறது. குடிபுகும் நாளில் சுவர், தரை, அடுப்பு, குளியலறை எல்லாவற்றையும் படம் எடுத்து வையுங்கள். கிளம்பும்போது முன்பணத்தில் பிடித்தம் செய்ய வந்தால் அந்தப் படங்கள்தாம் உங்களுக்குச் சாட்சி.

ஒப்பந்தத்துக்குமுன் கேட்க வேண்டிய முதல் கேள்வி: "இந்த முகவரியில் பதிவு செய்ய முடியுமா?" முடியாது என்றால், எவ்வளவு மலிவானாலும், இரண்டு வாரத் தங்கலுக்கு மேல் அந்த அறை வேண்டாம். இரண்டாவது, உள்குத்தகை என்றால் வீட்டுக்காரரின் சம்மதம் இருக்கிறதா? இல்லாவிட்டால் முதல் குத்தகைக்காரரோடு நீங்களும் வெளியேற நேரலாம்.

ஏமாற்று ஒரே அச்சில் வரும். வாடகை வியக்கத்தக்க அளவு குறைவு, படங்கள் அழகு, வீட்டுக்காரர் வேறு நாட்டில் இருக்கிறார், பணம் அனுப்பினால் சாவியைக் கூரியரில் அனுப்புவார். வீட்டைப் பார்க்காமல், ஒப்பந்தம் இல்லாமல் ஒரு யூரோவும் அனுப்பாதீர்கள். பாஸ்போர்ட் நகலை அனுப்புவதும் ஆபத்து, அதை வைத்தே அடுத்தவரை ஏமாற்றுவார்கள். ஊரிலிருந்து பார்க்க முடியாதென்றால், முதல் மூன்று நான்கு வாரத்துக்கு ஹாஸ்டலிலோ தற்காலிக அறையிலோ தங்கி நேரில் தேடுங்கள்.

முகவரிப் பதிவு எப்படிச் செய்வது?

இதற்கு அன்மெல்டுங் என்று பெயர். குடிபுகுந்த 14 நாளுக்குள் செய்ய வேண்டும் என்பது சட்டம். பெர்லினில் பதிவு இலவசம். எந்தப் பகுதியில் குடியிருந்தாலும் நகரின் எந்த பியூர்கர்அம்ட்டிலும், அதாவது குடிமக்கள் சேவை அலுவலகத்திலும், செய்யலாம். இது பெரிய வசதி. நகரின் ஓரத்திலுள்ள ஸ்பான்டாவிலோ மார்சானிலோ நேரம் கிடைத்தால் ஒரு மணி நேரம் பயணம் செய்தாலும் போய்விடுங்கள்.

நேரம் கிடைப்பதுதான் கடினம். ரத்தான நேரங்கள் நாள் முழுதும் சிறிது சிறிதாக வரும் என்பதால் முன்பதிவுப் பக்கத்தைக் காலையில் அடிக்கடி திறந்து பாருங்கள். 115 என்ற எண்ணிலும் கேட்கலாம். 14 நாளுக்குள் கிடைக்காவிட்டால், தேடினீர்கள் என்பதற்கு ஸ்கிரீன்ஷாட் எடுத்து, கிடைத்த நேரத்தின் உறுதிச் செய்தியையும் வைத்திருங்கள்.

கொண்டுபோக வேண்டியவை பாஸ்போர்ட், நிரப்பிய படிவம், வீடு தந்தவர் கையெழுத்திட்ட உறுதிப் படிவம். கடைசியில் சொன்னது வாடகை ஒப்பந்தம் அல்ல, தனிப் படிவம். அது இல்லாமல் போனால் திருப்பி அனுப்பிவிடுவார்கள், மறுபடி நேரம் தேட வேண்டும். உள்குத்தகையில் இருப்பவர்களுக்கு முதல் குத்தகைக்காரரே கையெழுத்திடலாம்.

படிவத்தில் மதம் கேட்கும் கட்டம் உண்டு. கத்தோலிக்கர் என்று எழுதினால், பின்னாளில் வருமான வரி கட்டும்போது அந்த வரியில் 9 விழுக்காடு தேவாலய வரியாகப் பிடிக்கப்படும். மனமுவந்து கொடுக்க விரும்புகிறவர் எழுதலாம், தெரியாமல் எழுதிவிடக் கூடாது. பிறகு விலகுவதற்குத் தனி நடைமுறை, தனிக் கட்டணம்.

பதிவு முடிந்ததும் தபால் பெட்டியில் உங்கள் பெயரை ஒட்டுங்கள். பாஸ்போர்ட்டில் உள்ள அதே பெயர். வரி எண், வங்கி அட்டை, ரகசிய எண், காப்பீட்டு அட்டை எல்லாம் கடிதத்தில்தான் வரும். பெட்டியில் பெயர் இல்லாவிட்டால் தபால்காரர் திருப்பி அனுப்பிவிடுவார், உங்களுக்குத் தகவலும் வராது. "ஒன்றுமே வரவில்லை" என்ற புகாருக்குப் பெரும்பாலும் இதுவே காரணம்.

மருத்துவக் காப்பீட்டில் எதைத் தேர்ந்தெடுப்பது?

30 வயதுக்குள் இருந்தால் பொதுக் காப்பீடு. டெக்னிக்கர், ஏஓகே, பார்மர் போன்றவற்றில் எதுவானாலும் அடிப்படைச் சிகிச்சை ஒன்றுதான். மாதம் சில யூரோ வித்தியாசம் இருக்கும். காப்பீட்டு நிறுவனமே பல்கலைக்கழகத்துக்கு மின்வழியில் தகவல் அனுப்பும், அது போகாமல் சேர்க்கை முடியாது.

மலிவாக இருக்கிறதே என்று தனியார் காப்பீட்டுக்குப் போகிறவர்கள் ஒன்றை அறிந்து போக வேண்டும். பொதுக் காப்பீட்டிலிருந்து விலக்கு வாங்கிவிட்டால் படிப்பு முடியும்வரை திரும்ப முடியாது. முதல் செமஸ்டரில் 60 யூரோ மிச்சம் என்று கையெழுத்திட்டு, பிறகு பெரிய சிகிச்சை வரும்போது கையிலிருந்து கட்டிவிட்டுத் திரும்பப் பெறக் காத்திருக்க நேரும். 30 தாண்டியவர்களுக்கு மாணவர் கட்டணம் கிடையாது. அவர்கள் கூடுதல் தொகையைக் கணக்கில் வைத்துத்தான் வர வேண்டும்.

காப்பீட்டுத் தொகையை நிலுவையில் விடாதீர்கள். நிலுவை பல்கலைக்கழகத்துக்குத் தெரிவிக்கப்படும், பெயர் நீக்கம் வரை போகலாம். இரவிலோ விடுமுறையிலோ உடம்புக்கு முடியாமல் போனால் 116117, உயிருக்கு ஆபத்து என்றால் 112. பாராசிட்டமால்கூட மருந்துக் கடையில்தான் கிடைக்கும், மளிகைக் கடையில் கிடைக்காது.

விசா முடியப் போகிறது, வதிவிட அனுமதிக்கு நேரம் கிடைக்கவில்லை. என்ன செய்வது?

விசா முடியும் நாளுக்குமுன் குடியேற்ற அலுவலகத்துக்கு இணையத்தில் விண்ணப்பித்து, வந்த உறுதிச் செய்தியை அச்செடுத்து வையுங்கள். உரிய காலத்தில் விண்ணப்பித்திருந்தால் முடிவு வரும்வரை பழைய உரிமை தொடரும். ஒரு நாள் தாண்டி விண்ணப்பித்தாலும் இந்தப் பாதுகாப்பு இல்லை.

இடைக்காலத்தில் ஃபிக்ஸியோன்ஸ்பெஷைனிகுங் என்ற சான்று கேட்டு வாங்கலாம். அதில் வதிவிடச் சட்டத்தின் 81-ஆம் பிரிவில் எந்த உட்பிரிவு குறிக்கப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். நான்காம் உட்பிரிவு என்றால் வெளிநாடு போய்த் திரும்பலாம். மூன்றாம் உட்பிரிவு என்றால் போகலாம், திரும்ப முடியாது. வதிவிட அனுமதி அட்டையோ நான்காம் உட்பிரிவுச் சான்றோ கைக்கு வருமுன் பொங்கலுக்கு ஊருக்குப் போக டிக்கெட் எடுக்காதீர்கள்.

ஒவ்வொரு நீட்டிப்புக்கும் மறுபடி பணம் காட்ட வேண்டும். படிப்பில் முன்னேற்றம் இருக்கிறதா என்றும் பார்ப்பார்கள்.

எவ்வளவு வேலை செய்யலாம்?

2024 மார்ச் முதல் ஆண்டுக்கு 140 முழு நாள் அல்லது 280 அரை நாள். வகுப்பு நடக்கும் காலத்தில் வாரம் 20 மணிக்குள் வேலை செய்தால் அந்த வாரம் இரண்டரை நாளாகவே கணக்கில் வரும். பல்கலைக்கழகத்திலேயே பேராசிரியருக்கு உதவியாளராக, ஹீவி என்பார்கள், செய்யும் வேலை இந்தக் கணக்கில் சேராது. துறையோடு தொடர்புடையது, மேற்பார்வையாளர் அறிமுகம் தருவது. முதல் வேலையாக அதைத் தேடுங்கள்.

குறைந்தபட்சக் கூலி 2026 ஜனவரியிலிருந்து மணிக்கு 13.90 யூரோ. அதற்குக் கீழே கொடுப்பவர், "பாதி ரொக்கமாகத் தருகிறேன்" என்பவர் யாரானாலும் விலகிவிடுங்கள். சம்பளச் சீட்டு இல்லாத வேலையில் விபத்து நேர்ந்தால் அங்கே வேலை செய்தீர்கள் என்று நிரூபிப்பதே கடினம், பிடிபட்டால் உங்கள் அனுமதிக்கே ஆபத்து. இரண்டு இடத்தில் வேலை செய்தால் மணிகள் கூட்டப்படும். உணவு விநியோகத்தில் "சுயதொழில்" என்று கையெழுத்து கேட்டால் போடாதீர்கள். மாணவர் அனுமதி தனி ஒப்புதல் இல்லாமல் சுயதொழிலுக்கு இடம் தராது.

தேர்வு முறையில் எங்கே தவறுகிறார்கள்?

வகுப்புக்குப் பெயர் கொடுத்தால் தேர்வுக்கும் கொடுத்ததாக நினைத்துவிடுகிறார்கள். தேர்வுப் பதிவு தனி, அதற்குத் தனிக் கெடு. கெடு போனால் அந்தச் செமஸ்டரில் எழுத முடியாது. பதிவுசெய்துவிட்டு வராமல் இருந்தால் தோல்வி. உடம்பு சரியில்லை என்றால் அன்றைக்கே மருத்துவரைப் பார்த்துச் சான்று வாங்கி உடனே தேர்வு அலுவலகத்தில் சேர்க்க வேண்டும்.

ஊரில் அரியர் வைப்பது போல இங்கே வைக்க முடியாது. ஒரு பாடத்துக்குப் பெரும்பாலும் மூன்று முறைதான். மூன்றாவதிலும் போனால் பெயர் நீக்கம், அதே படிப்பை ஜெர்மனியில் வேறிடத்தில் தொடர்வதும் அடைபடும். தயாராக இல்லையென்றால் கெடுவுக்குள் பெயரை விலக்கிக்கொள்வது தோல்வியைவிட எவ்வளவோ மேல். கால அட்டவணையில் நேரத்துக்குப் பக்கத்தில் "சி.டி." என்றிருந்தால் வகுப்பு 15 நிமிடம் கழித்துத் தொடங்கும், "எஸ்.டி." என்றால் சரியான நேரத்துக்கு.

ஜெர்மன் தெரியாமல் சமாளிக்கலாமா?

ஆங்கிலவழிப் படிப்பை முடிக்கலாம். வேகே அறை, பகுதிநேர வேலை, அலுவலகக் கடிதம் மூன்றிலும் அடிபடுவீர்கள். ஊரிலேயே ஏ2 என்னும் அடிப்படை நிலை வரை ஜெர்மன் முடித்து வாருங்கள்.

எந்தக் கடிதங்களுக்குப் பயப்பட வேண்டும்?

பதிவுசெய்த சில வாரத்தில் ஒலிபரப்புக் கட்டணக் கடிதம் வரும். டிவி இல்லாவிட்டாலும் மாதம் 18.36 யூரோ. இது ஆளுக்கு அல்ல, வீட்டுக்கு. வேகேயில் ஒருவர் கட்டினால் போதும், அவருடைய கட்டண எண்ணை எழுதிப் பதில் அனுப்புங்கள். பதிலே போடாவிட்டால் உங்கள் பெயரில் நிலுவை ஏறும்.

மஞ்சள் உறையில் வந்தால் அன்றைக்கே பிரியுங்கள். உறையில் தபால்காரர் எழுதிய தேதியிலிருந்து கெடு ஓடத் தொடங்கிவிடும். பல நேரம் பதிலுக்கு இரண்டு வாரம்தான்.

மூன்றாவது, வழக்கறிஞர் அலுவலகத்திலிருந்து வரும் அப்மானுங் என்னும் எச்சரிக்கைக் கடிதம். டோரன்டில் படம் இறக்கினால், இறக்கும்போதே நீங்கள் பகிரவும் செய்கிறீர்கள். அந்தப் பகிர்வுக்குத்தான் பல நூறு யூரோ கேட்டு வரும். இணைய இணைப்பு வேகே நண்பர் பெயரில் இருந்தால் கடிதம் அவருக்குப் போகும். புதுப் படம் பார்க்கும் ஆசையில் அடுத்தவரை மாட்டிவிடாதீர்கள். வந்துவிட்டால் உடனே பணமும் கட்டாதீர்கள், கூட வரும் உறுதிமொழியிலும் கையெழுத்திடாதீர்கள், ஒதுக்கியும் வைக்காதீர்கள். மாணவர்களுக்கான இலவசச் சட்ட ஆலோசனைக்கு எடுத்துப் போங்கள்.

சாப்பாட்டுக்கு என்ன கொண்டுவரலாம்?

நெய், பால் பொருள், இறைச்சி எதுவும் கூடாது, ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வரும் பயணிகளுக்குத் தடை. பச்சைக் கறிவேப்பிலையும் விமான நிலையத்தில் போய்விடும். மசாலாப் பொடி, அப்பளம், ஊறுகாய் கொண்டுவரலாம். கருவாடும் அளவுக்குள் கொண்டுவரலாம், வாசம் வெளியே வராமல் கட்டுங்கள். அரிசி, பருப்பு சுமக்க வேண்டாம். ஈழத்தமிழர் கடைகளில் எல்லாம் கிடைக்கும்.

ஞாயிற்றுக்கிழமை கடைகள் மூடியிருக்கும், சனிக்கிழமை மாலைக்குள் வாங்கிவிடுங்கள். ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பாட்டிலுக்கும் டின்னுக்கும் 25 சென்ட் வைப்புத்தொகை உண்டு, கடை இயந்திரத்தில் போட்டால் திரும்பும். தாளிக்கும்போது ஜன்னலைத் திறந்து, சமையலறைக் கதவை மூடுங்கள். விடுதியில் கதவைத் திறந்து வைத்தால் நடையில் உள்ள புகை உணரி அலறும், தீயணைப்பு வண்டி வந்தால் செலவு உங்கள் தலையில் விழலாம்.

குளிர்காலத்தை எப்படிக் கடப்பது?

டிசம்பரில் நான்கு மணிக்குள் சூரியன் மறைந்துவிடும். குளிரைவிட இந்த இருட்டுதான் ஆளைச் சோர்வாக்கும். பகலில் அரை மணி நேரமாவது வெளியே நடங்கள். கோட்டும் காலணியும் இங்கே வாங்குங்கள், பழைய துணிக்கடைகளில் நல்லவை மலிவாகக் கிடைக்கும்.

அறை ஜன்னலை நாளுக்கு இரண்டு மூன்று முறை முழுதாகத் திறந்து ஐந்து பத்து நிமிடம் காற்றோட்டம் விடுங்கள். அடைத்தே வைத்துச் சோறு வடித்து, துணியும் உள்ளேயே உலர்த்தினால் ஈரம் குளிர்ந்த சுவரில் படிந்து பூஞ்சை பிடிக்கும். அது முன்பணத்தில் கழியும். ஜன்னலைச் சாய்த்து நாள் முழுதும் திறந்து வைப்பதும் தவறு. சுவர் குளிர்ந்து, வெப்பமூட்டல் கணக்கு ஏறி, ஆண்டு முடிவில் கூடுதல் ரசீது வரும்.

தூக்கம் கெட்டு, வகுப்புக்குப் போகவே மனமில்லாமல் இரண்டு வாரம் போனால், ஸ்டூடியரெண்டன்வெர்க்கின் உளவியல் ஆலோசனைக்குப் போங்கள். இலவசம், ஆங்கிலத்திலும் பேசலாம், பல்கலைக்கழகத்துக்குத் தெரியாது. வீட்டில் சொல்லத் தயங்குகிற விஷயத்தை அங்கே சொல்லலாம். தமிழ்க் குரல் கேட்க வேண்டும் என்றால் பிரிட்ஸ் பகுதியில் ஈழத்தமிழர் கட்டிய ஸ்ரீ மயூரபதி முருகன் கோயில் இருக்கிறது.

படிப்பு முடிந்ததும் உடனே கிளம்ப வேண்டுமா?

வேண்டாம். பட்டம் பெற்றவர்கள் வேலை தேட 18 மாதம்வரை அனுமதி பெறலாம், அந்தக் காலத்தில் எந்த வேலையும் செய்யலாம். மாணவர் அனுமதி முடியுமுன் விண்ணப்பிக்க வேண்டும். பட்டச் சான்று அச்சாகத் தாமதமானால் எல்லாத் தேர்வும் முடிந்ததற்கான தற்காலிகச் சான்றைத் தேர்வு அலுவலகத்தில் கேட்டு வாங்கிச் சேர்க்கலாம்.

ஊருக்கே திரும்புவதாக இருந்தால், வெளியேறுவதற்கு ஒரு வாரம் முன்பிலிருந்து இரண்டு வாரம் பின்புவரை முகவரிப் பதிவை நீக்கலாம். நீக்கிய சான்று கையில் இருந்தால்தான் காப்பீடும் ஒலிபரப்புக் கட்டணமும் நிற்கும். முன்பணம் திரும்ப வர ஆறு மாதம்கூட ஆகலாம் என்பதால், அது வந்து சேரும்வரை ஜெர்மன் வங்கிக் கணக்கை மூடாதீர்கள்.